தாயை யார் விசாரிப்பது?

தாய்மையைப் போற்றும் கவிதை இல்லாமல் நம் பள்ளி ஆண்டு மலர் வெளிவந்ததுண்டா? நாங்களும் எழுதியிருக்கிறோம். ஆயினும் பிள்ளை பெற்றவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாமலே போயிற்று.

எங்கள் தோழி ஒருத்தியின் அக்காள் தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்திருந்தாள். குழந்தையைப் பார்க்கப் போனோம். மாறி மாறித் தூக்கினோம். மூக்கு யார் ஜாடை என்று தர்க்கமும் செய்தோம். அக்காள் ஒரு வார்த்தை பேசவில்லை. “உடம்பு அசதி” என்றார் அவள் தாயார். “பெண்ணாய்ப் பிறந்துவிட்டதே, அந்தக் கவலை” என்று பக்கத்து வீட்டு அம்மாள் காதோடு சொன்னார். மூன்று மாதத்துக்கு மேல் சென்ற பிறகுதான் மருத்துவரிடம் போனார்கள். அந்த மூன்று மாதத்தை எண்ணித்தான் இதை எழுதுகிறோம்.

பிரசவமான சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பல தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானே தெளிந்துவிடும். தெளியாமல் நீண்டு, தூக்கமும் பசியும் கெட்டு, குழந்தை மீதே பிடிப்பு விட்டுப்போனால் அது நோய். சீமை நாட்டு நோய் என்று ஒதுக்கவும் முடியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப் பகுதி ஒன்றில் நடத்திய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. பிரசவத்திற்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 100-க்கு 11 பேர். வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கை உதவிக்கு ஆளில்லாமை ஆகியவை இருந்த இடத்தில் நோயும் மிகுதியாக இருந்ததாம்.

பின் ஏன் வைத்தியம் பார்ப்பதில்லை? காய்ச்சலுக்கு ஓடுகிறோம், இதற்குக் கண்ணேறு, பிடிவாதம் என்று பெயர் வைத்து இருந்துவிடுகிறோம். பச்சை உடம்புக்காரி வாசல் தாண்டப் பிறர் அனுமதி வேண்டும், பணமும் பிறர் கையில். ‘பைத்திய ஆஸ்பத்திரிக்குப் போனாள்’ என்று ஊர் சொன்னால் தங்கையின் கல்யாணம் என்னாவது என்ற அச்சம் வேறு. மாத்திரை பாலில் இறங்கிவிடும் என்பார்கள். பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்தை மருத்துவர் தேர்ந்து கொடுக்க முடியும், பேச்சு வழியான சிகிச்சையும் உண்டு. குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று அஞ்சுவோரும் உளர். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமோ, சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கலாகாது என்கிறது.

இவை எல்லாவற்றிலும் பெரிய தடை அவள் மனத்துக்குள்ளேயே இருக்கிறது. வீடு முழுவதும் சர்க்கரை வழங்கி மகிழும்போது, ‘எனக்கு மகிழ்ச்சியாக இல்லை’ என்று எந்த வாயால் சொல்லுவாள்? சொன்னால், “இவளும் ஒரு தாயா?” என்று நாம்தானே கேட்போம்!

இத்தனைக்கும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகாதவள் அல்லள். 6, 10, 14-ஆம் வாரங்களில் தடுப்பூசிக்குக் குழந்தையோடு வரிசையில் நிற்கிறாள். குழந்தையை நிறுத்துப் பார்க்கிறார்கள், பால் குடிக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். அவளை விசாரிப்பார் அரிது. 1987-இல் வெளியான எடின்பரோ வினாத்தாளில் பத்தே கேள்விகள், தமிழிலும் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. தடுப்பூசி நாளன்று ஒவ்வொரு தாயிடமும் அதைக் கேட்டே ஆகவேண்டும் என்பது எங்கள் கருத்து. 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் 2022 முதல் தமிழிலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது; நல்லதுதான், ஆனால் பல வீடுகளில் தொலைபேசியும் கணவர் சட்டைப் பையில் அல்லவா இருக்கிறது!

தோழியின் அக்காள் இப்போது நலம். அன்று அவளை அழைத்துப் போனவர் அவளுடைய சித்தி. உண்மையைச் சொன்னால் விடமாட்டார்கள் என்று, “குழந்தைக்கு ஊசி போட வேண்டும்” என்று சொல்லித்தான் இருவரும் வீட்டை விட்டுக் கிளம்பினார்களாம்.