யந்திரம் திருத்தினால் போதுமா?

யூடியூப் வீடியோக்களில் பேசுகிறவர் சொல்லுவதைக் கீழே எழுத்து வரியாகக் காட்டுவதுண்டு. காது கேட்கிறவர்களுக்கு அது ஒரு சவுகரியம். காது கேளாத தோழர்களுக்கோ அதுவே பேச்சு. 2009 முதல் இவ்வரிகளை யந்திரமே எழுதவும் தொடங்கிற்று. இப்போதோ, செயற்கை அறிவு ஏஜெண்டு என்னும் யந்திரக் காரியஸ்தன் கையில் ஒரு மென்பொருள் கருவியைக் கொடுத்துவிட்டால், பழைய வரிகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை அவனே ஏற்றிவிடுகிறான்.

வேலை சீக்கிரம் முடிவதை நாம் வெறுக்கவில்லை, வரவேற்கவே செய்கின்றோம். ஆனால், அவன் திருத்தியது சரிதானா என்று பார்த்தவர் யார்? "கூடாது" என்று பேசினதைக் "கூடும்" என்று எழுதிவிட்டால், காது கேட்கிறவன் சிரித்துவிட்டுப் போவான். கேளாதவன் அதையே உண்மையென்று நம்புவான். பிழையைக் கண்டுபிடிக்க வழியில்லாதவன் தலையிலேயே பிழையைச் சுமத்துவது என்ன நியாயம்?

இது வீண் பயமல்ல. அமெரிக்காவில் ஹார்வர்டு, எம்.ஐ.டி. என்னும் பெரிய கலாசாலைகளின் வீடியோக்களில் எழுத்து வரி இல்லை, இருப்பதிலும் பிழை என்று காது கேளாதோர் தேசிய சங்கம் 2015ல் வழக்குத் தொடர்ந்தது. ஹார்வர்டு 2019லும், எம்.ஐ.டி. 2020லும் சரியான வரி போடச் சம்மதித்து ராஜிக்கு வந்தன.

பரிகாரமும் கையிலேயே இருக்கிறது. புது வரிகளை வெளியார் கண்ணில் படாமல் நகலாக நிறுத்திவைக்க யூடியூப் ஏற்பாட்டிலேயே இடமுண்டு. ஆகவே, காரியஸ்தனுக்கு நகல் எழுதும் வேலையை மட்டும் கொடுங்கள். பழைய வரிகளைப் பத்திரப்படுத்துங்கள். பேச்சைக் கேட்டறிந்த ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வெளியிடுங்கள்.

யந்திரம் சொன்னதாலேயே எதுவும் சரியாகிவிடாது. யார் சொன்னாலும் சோதித்துப் பார்ப்பதே அறிவு.