ஸ்கின் கலர் என்றால் யாருடைய தோல்?

ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு நிறம் சொல்லிக்கொடுப்பதில் என்ன அரசியல் என்று கேட்கிற தோழர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாஞ்சில் நாட்டில் எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறவன் நான். சிவப்புக்குத் தக்காளி, பச்சைக்கு இலை, மஞ்சளுக்கு மாம்பழம். இதுவரைக்கும் வம்பில்லை. அடுத்தது 'ஒன் அம்மைய வரை' என்கிறது பள்ளிக்கூடம். முகத்துக்கு? 'ஸ்கின் கலர் எடு மக்களே.' எடுத்தால் வெளிறிய ரோஸ். வயலில் நாற்று நடுகிற, சூளையில் கல் சுமக்கிற எந்த அம்மை அந்த நிறத்தில் இருக்கிறாள்? கண்ணால் கண்டபடி கறுப்பாகத் தீட்டிய பிள்ளையிடம், 'என்னது, பேய் மாதிரி வரைஞ்சு வச்சிருக்கே?'

அமெரிக்காவில் கிரயோலா கம்பெனி 'ஃப்ளெஷ்' என்று விற்ற நிறத்தை 1962இலேயே 'பீச்' என்று பெயர் மாற்றியது. கறுப்பின மக்கள் தெருவில் நின்று போராடிய காலம் அது. இங்கே பெட்டியில் அந்தப் பெயர் அச்சாகாவிட்டாலும் வகுப்பறை வாயில் அச்சாகியிருக்கிறது. இது வெள்ளைக்காரன் விட்டுப்போன சமாச்சாரம், சாதியோடு முடிச்சுப் போடாதே என்பார்கள். சாதி இந்து வீட்டிலும் கறுத்த பிள்ளை உண்டுதான். அதை 'காலனிக்காரன் மாதிரி கறுத்துப்போனே' என்று ஏசும்போது கறுப்பு யார் கணக்கில் ஏறுகிறது?

இந்தப் பாடம் ஒண்ணாங்கிளாஸோடு முடிவதுமில்லை. ஆரல்வாய்மொழி தாண்டி நெல்லைச் சீமைக்குப் போனால் பெரிய வகுப்புப் பையன்கள் கையில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு. 2019இல் பள்ளிக்கல்வித் துறை அதற்கெதிராகச் சுற்றறிக்கை விட்டது. 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் திரும்பவும் கயிற்றைத் தடைசெய் என்று எழுதவேண்டி வந்தது. எந்த நிறம் உசத்தி என்று ஐந்து வயதில் பழகிய கண்தான் பதினைந்து வயதில் கயிற்றைப் படிக்கிறது.

'கறுப்பும் அழகுதான்' என்று ஆறுதல் சொல்ல வரும் முற்போக்காளர்களே, அந்த 'உம்' எதற்கு?

எங்கள் வகுப்பில் கிரயானை ஓரங்கட்டிவிட்டோம். அடுப்புக்கரி, செங்கல்பொடி, செம்மண், காப்பித்தூள், மஞ்சள். சிரட்டையில் தண்ணிவிட்டுக் குழைத்து, கையோடு ஒட்டவைத்துப் பார்த்து, ஒத்துப்போகும்வரை கலக்கவேண்டும். பேரும் அவர்களே வைக்கிறார்கள்: கருப்பட்டி, புளியங்கொட்டை, நாவப்பழம். 'ஒனக்கு இன்னும் கொஞ்சம் கரி வேணும்டீ' என்று சண்டை வரும். யாரும் அழுததில்லை. செலவும் இல்லை.

ஆசிரியர் தோழர்களே, படிக்கும்போதே டியூஷன் எடுக்கிற மாணவர்களே, நாளைக்கே 'ஸ்கின் கலர்' என்ற சொல்லை நிறுத்துங்கள். பிள்ளை அந்தப் பெயரில் கேட்டால் 'யாரோட ஸ்கின்?' என்று திருப்பிக் கேளுங்கள்.