பழைய கருவிக்குப் புதிய கார்டு

கல்லூரிப் பரிசோதனைச் சாலைகளிலும், வெளிக்கள அலுவலகங்களின் பண்டகசாலைகளிலும், ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் வாங்கப்பெற்ற மின்னணுக் கருவிகள் சில இன்றும் அலமாரிகளில் இருக்கின்றன. ஆஸிலோஸ்கோப்புகள், சிக்னல் ஜெனரேட்டர்கள், வால்வு வோல்ட்மீட்டர்கள் போன்ற இவற்றுள் உண்மையாகவே பழுதுற்றவை உண்டு. ஆனால் கருவியைச் சுவரிலுள்ள சாக்கெட்டுடன் இணைக்கும் பவர் கார்டு காணாமற் போயிற்று, அல்லது அதன் ரப்பர் வெடித்து உதிர்ந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் 'உபயோகமற்றவை' என்னும் பட்டியலில் ஏறிவிடுபவையும் உண்டு. இதற்கு மாறாக, கருவியைக் கைவிட மனமில்லாத ஆசிரியரோ உதவியாளரோ, கைக்குக் கிடைத்த வயரை எப்படியோ பொருத்தி வேலையை நடத்திவிடுவதும் வழக்கமாக இருக்கிறது. முதல் வழியில் கருவி வீணாகிறது. இரண்டாம் வழியில் மனித உயிருக்கே அபாயம் நேரக்கூடும். எனவே, 'பொருந்துகிறதா' என்ற கேள்வியுடன் நின்றுவிடாமல் இவ்விஷயத்தை ஆராய்வது அவசியமாகும்.

நம் நாட்டிற்குக் கருவிகள் எங்கிருந்து வந்தன என்பதை நினைவுகூர்ந்தால் சிக்கலின் வேர் விளங்கும். 1958-இல் தொடங்கிய பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு யுனெஸ்கோவின் வாயிலாகச் சோவியத் நாடு உதவியது. 1959-இல் தோன்றிய சென்னைக் கழகத்திற்கு மேற்கு ஜெர்மனியும், டில்லிக் கழகத்திற்குப் பிரிட்டனும் துணை நின்றன. கான்பூர்க் கழகத்திற்கு 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கக் கல்வி நிலையங்கள் உதவி புரிந்தன. உதவியுடன் கருவிகளும் வந்தன. ஒவ்வொரு தேசத்துக் கருவியும் அத்தேசத்து பிளக்கையும், மின்னழுத்தத்தையும், கம்பிகளுக்குரிய வர்ண வழக்கையும் உடன் கொணர்ந்தது. நம் சுவர்களிலோ, 1934-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் நியமத்தை ஒட்டிய உருண்டை முனை சாக்கெட்டுகளே இருந்தன. பிரிட்டன் அவற்றைப் பெரும்பாலும் கைவிட்ட பின்னரும் நாம் கைவிடவில்லை.

1970-இல் சர்வதேச மின்தொழில்நுட்பக் கமிஷன் தனது 320-ஆம் எண் நியமத்தை வெளியிட்டபின் நிலைமை எளிதாயிற்று. இன்று கணிப்பொறிகளின் பின்புறத்தில் காணப்படும் மூன்று தட்டை முனை இணைப்பு அந்நியமத்தைச் சார்ந்ததே. கார்டின் முனையிலுள்ள சி-13 என்னும் இணைப்பு 10 ஆம்பியர் வரை தாங்கும். கருவியின் பின்புறத்தில் இதற்கேற்ற வாய் இருந்தால் தேடுதல் என்பதே இல்லை. சென்னை ரிச்சி தெருவிலும், பம்பாய் லாமிங்டன் சாலையிலும், பெங்களூர் எஸ்.பி. சாலையிலும் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஐ.எஸ். 1293 என்ற நியம எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பிளக்கின்மீது உள்ளனவா என்று பார்த்து வாங்கினால் போதும். மலிவான கார்டுகள் சிலவற்றில் எர்த் முனை இருந்தும் உள்ளே எர்த் கம்பி இல்லாதிருப்பதுண்டு. ஆதலால், புதிய கார்டானாலும் ஒரு முறை மீட்டர் வைத்துச் சோதித்தல் நலம்.

தொல்லையெல்லாம் அதற்கு முற்பட்ட கருவிகளிடத்தேதான். ஹ்யூலெட்-பாக்கர்ட் நிறுவனத்தார் 1960-களில் செய்த பல கருவிகளில், முட்டை வடிவமான ஒரு வாயினுள் மூன்று உருண்டை முனைகள் இருக்கும். அதற்குரிய இணைப்பு நம் கடைத்தெருக்களில் எளிதில் அகப்படுவதில்லை. சி-13 இணைப்பின் ஓரங்களைக் கத்தியால் சீவி அதில் நுழைத்துவிடுவோரும் இருக்கின்றனர். தட்டை முனைக்கென அமைந்த பித்தளைப் பிடி உருண்டை முனையை இறுகப் பற்றாது. தளர்ந்த பிடி சூடேறும். எல்லாவற்றிலும் முதலில் தொடர்பு விட்டுப்போவது எர்த் முனையாகவும் இருக்கலாம். இது சிக்கனமன்று.

வேறு பல கருவிகளில் கார்டு உடலோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். மின்தொழிலாளி பழைய வயரை வெட்டிவிட்டு, மிச்சமுள்ள துண்டின் நிறத்தைப் பார்த்துப் புதிய பிளக்கை இணைக்கிறார். பெரிய அபாயம் இங்கேதான் மறைந்திருக்கிறது. நம் பழைய வழக்கில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அமெரிக்க வயரில் கறுப்பே ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். மேற்கு ஜெர்மனியிலோ 1960-களின் நடுப்பகுதி வரை கறுப்பு ஃபேஸாகவும், சாம்பல் நிறம் நியூட்ரலாகவும், சிவப்பு எர்த்தாகவும் வழங்கின. சிவப்பு எர்த் என்பதை மறுமுறை படிப்பது நல்லது. அத்தகைய கருவியில் நம் வழக்கப்படி சிவப்பை ஃபேஸிலும், கறுப்பை நியூட்ரலிலும், எஞ்சிய சாம்பலை எர்த்திலும் இணைத்தால் நேர்வது யாது? டிரான்ஸ்பார்மரின் இரு முனைகளும் நியூட்ரலிலும் எர்த்திலும் சேர்வதால் கருவி இயங்காது, விளக்கும் எரியாது. ஆனால் அதன் இரும்புப் பெட்டி முழுவதும் 230 வோல்ட் நிற்கும். ஏன் இயங்கவில்லை என்று அறிய விரும்புபவர் முதலில் செய்யும் காரியம் பெட்டியைத் தொடுவதே அல்லவா?

அமெரிக்கக் கருவியில் பிழை இவ்வளவு கொடிதன்று. கருவி இயங்கவும் செய்யும். எனினும் ஃபியூஸும் ஸ்விட்சும் நியூட்ரல் பக்கம் போய்விடுவதால், அணைத்த பின்னும் உட்பாகங்களில் மின்சாரம் நிற்கும். இக்காலத்து வடங்களில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். நம் கட்டடங்களின் மூன்று ஃபேஸ் அமைப்பிலோ நீலம் ஒரு ஃபேஸின் நிறம்! ஆகவே, பழைய கருவியில் நிறத்தை நம்புவது அறவே தகாது. மூடியைத் திறந்து, மீட்டரைக் கொண்டு, ஃபியூஸுக்குச் செல்லும் கம்பி எது, பெட்டியின் உலோகத்தோடு சேரும் கம்பி எது என்று கண்டறிந்த பின்னரே பிளக்கைத் தொட வேண்டும். கார்டு முடிந்தபின், பிளக்கின் எர்த் முனைக்கும் பெட்டிக்கும் இடையே தடை ஒரு ஓமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். இச்சோதனைக்கு ஐந்து நிமிஷம் போதும். மேல் வகுப்பு மாணவர்களைக் கொண்டே, ஆசிரியர் மேற்பார்வையில், செய்விக்கலாம். பாடப் புத்தகத்திலுள்ள ஓம் விதிக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி எளிதில் அமையாது.

எர்த் இல்லாமலே கருவி நன்றாக வேலை செய்கிறதே என்போர் உளர். வேலை செய்யும், மெய்தான். ஆனால் பல கருவிகளில் இரைச்சலை வடிகட்டும் பொருட்டு, இரு மின்கம்பிகளிலிருந்தும் பெட்டிக்குக் கண்டென்ஸர்கள் இணைக்கப்பட்டுள்ளன. எர்த் அற்றுப்போனால் பெட்டி, சப்ளையில் ஏறத்தாழப் பாதியளவு, அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். தொடும்போது 'சுரீர்' என்ற உணர்ச்சி ஏற்படுவது இதனாலேயே. பழைய காகிதக் கண்டென்ஸர் ஒன்று உள்ளே ஷார்ட் ஆகிவிட்டால், அந்தச் சிறு உணர்ச்சி பேராபத்தாக மாறும். சோதனைக்குரிய சர்க்யூட் நேரடியாக மின்வழியோடு இணைந்திருக்கிறது என்பதற்காக ஆஸிலோஸ்கோப்பின் எர்த் முனையை வேண்டுமென்றே நீக்கி வைக்கும் பழக்கமும் சில பரிசோதனைச் சாலைகளில் தொடர்கிறது. பிரித்து வைக்க வேண்டியது சர்க்யூட்டையே ஒழிய ஆஸிலோஸ்கோப்பை அன்று. அதற்கென்றே ஐஸொலேஷன் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. (சாக்கெட்டில் வெறுங் கம்பிகளைச் செருகித் தீக்குச்சியால் இறுக்கும் கலையைப் பற்றி இங்கு எதுவும் கூற வேண்டியதில்லை.) சோவியத் கருவிகள் சிலவற்றில் இரு முனை பிளக்கும், எர்த்துக்கெனத் தனியே ஒரு திருகும் இருக்கும், அத்திருகு அலங்காரத்திற்காக வைக்கப்பட்டதன்று.

வயரின் கனத்தைப் பற்றிய கவலை வீண். 500 வாட் அளவுக்கு மின்சாரம் கொள்ளும் பெரிய வால்வு ஆஸிலோஸ்கோப்புக்கூட 230 வோல்ட்டில் 2 ஆம்பியருக்குச் சற்று அதிகமாகவே எடுக்கும், 0.75 சதுர மில்லிமீட்டர் மூன்று கம்பி வடம் தாராளமாகப் போதும். கவனிக்க வேண்டியது பின்புறத்திலுள்ள மின்னழுத்தத் தேர்வுக் கட்டை. 115 வோல்ட் நிலையில் வந்த அமெரிக்கக் கருவியைச் சரியான கார்டோடு நம் சப்ளையில் இணைத்தாலும் அது கெட்டுப்போகும். 230-க்கு மாற்றும்போது ஃபியூஸின் அளவையும் பாதியாகக் குறைக்க வேண்டும்.

இனி, பழைய வாயை அப்படியே காப்பாற்றி அதற்குரிய கார்டைத் தேடுவதா, அல்லது வாயையே மாற்றிப் புதிய நியம வாயைப் பொருத்துவதா என்ற விவாதம். பழமையைப் போற்றுவோர் முதல் வழியையே விரும்புவர். அருங்காட்சியகத்தில் வைக்கும் கருவிக்கு அது முற்றிலும் பொருந்தும். ஆனால் ஆண்டுதோறும் புதிய மாணவர் கைப்படும் கருவிக்குப் பொருந்தாது. ஒரே ஒரு அரிய கார்டை நம்பியிருக்கும் கருவி, அது தொலைந்த நாளில் மீண்டும் அலமாரிக்குத் திரும்பும். அன்றி யாரேனும் கத்தியை எடுப்பர். ஆதலால், கற்பிக்கும் பரிசோதனைச் சாலைகளில் புதிய வாயைப் பொருத்துவதே அறிவுடைமை. துளையைச் சிறிது பெரிதாக்க நேரிடும். ஓர் அலுமினியத் தகடும் இரண்டு திருகுகளும் செலவாகும். எர்த் கம்பியைப் பெயின்ட் சுரண்டிய உலோகத்தில், வேறெதற்கும் பயன்படாத தனித் திருகால் இறுக்க வேண்டும். கழற்றிய பழைய வாயை எறிந்துவிடாமல், கருவியின் எண்ணை எழுதிய உறையிலிட்டு உட்புறத்திலேயே கட்டிவைத்தால் பழமை விரும்பிகளின் குறையும் தீரும்.

இருப்புப் பதிவேட்டைப் பற்றியும் ஒரு சொல். அதில் கருவிக்கு எண் இருக்கும், கார்டுக்கு இராது. எண் இல்லாத பொருள் பக்கத்து அறைக்குக் கடனாகச் சென்று திரும்புவதில்லை. கணக்கெடுப்பின்போது கருவியை 'உபயோகமற்றது' என எழுதுவதற்குமுன், கார்டைத் தவிர வேறு குறை உண்டா என்று ஒருவர் பார்த்துக் கையொப்பமிடும்படி பதிவேட்டில் ஒரு பத்தி சேர்ப்பது எந்த அலுவலகத்திற்கும் இயலும். கார்டின்மேல் கருவியின் எண்ணைத் துணி நாடாவில் எழுதி ஒட்டுவதற்கு மேலிடத்து அனுமதியும் தேவையில்லை.