கண்காட்சி முடிந்தபின் என்ன?

கொழும்பில் நம் பிள்ளைகள் பயிலும் பாடசாலைகளில் விஞ்ஞானக் கண்காட்சி நடைபெறும் நாட்களில் நாம் பலமுறை சென்று பார்த்திருக்கின்றோம். அப்பச்சோடாவும் வினாகிரியும் கலந்து பொங்கும் எரிமலை, மின்கலத்தாற் சுழலும் காற்றாலை, பந்துகளைக் கம்பியிற் கோத்த சூரிய குடும்பம் ஆகிய மூன்றும் தவறாது காட்சிக்கு வருகின்றன. பெற்றோர் படம் பிடிக்கின்றனர், நடுவர் புள்ளியிடுகின்றனர், மறுநாட் காலையில் எரிமலை குப்பைத் தொட்டியை அடைகின்றது. பிள்ளைகளின் உழைப்பை நாம் இகழ்கின்றோமல்லோம். அவ்வுழைப்பு எவரைச் சென்றடைந்தது என்பதே எமது வினா. மதிலுக்கு அப்பால், கொட்டாஞ்சேனைச் சந்தையில் மரக்கறி விற்கும் அம்மையாருக்கு அதனால் விளைந்த பயன் யாது?

2017 ஆம் ஆண்டை எவரும் மறந்திரார். அவ்வோராண்டில் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர் எனப் பதிவாயிற்று. 400 க்கு மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. மேல் மாகாணமே பெருந்தாக்கத்துக்கு உள்ளாயிற்று. நீரைத் தேங்கவிடாதீர் என்னும் அறிவித்தலை வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வாழும் நம்மவர் படிக்காமலில்லை. படித்துவிட்டுப் பூச்சாடித் தட்டிலுள்ள நீரைக் கவிழ்த்து ஊற்றிக் கடமை முடிந்ததென அமைகின்றனர். டெங்கு நுளம்பு முட்டையிடுவது நீரின் நடுவிலன்று. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரிலேயே அது முட்டைகளை ஒட்டி வைக்கின்றது. நீர் வற்றினும் அம்முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மீண்டும் மழைநீர் சேர்ந்து அவற்றைத் தொட்டதும் குடம்பிகள் வெளிவரும். ஒரு வாரம், பத்து நாளில் நுளம்பு பறக்கும். ஆகவே ஊற்றினாற் போதாது. தும்பு கொண்டு உரஞ்சிக் கழுவவேண்டும்.

இதனைச் சுவரொட்டி உணர்த்தாது; பதினான்கு வயதுப் பிள்ளை உணர்த்திவிடுவாள். ஒரே மாடியிலிருந்து எடுத்த இரண்டு தட்டுகள் போதும். ஒன்றின் நீரை ஊற்றி மட்டும் விடுக. மற்றதை உரஞ்சிக் கழுவுக. இரண்டையும் உலரவிட்டு, ஒரு கிழமை கழித்து நீர் வார்த்து, வலைத்துணியால் இறுக மூடி வைத்தால் எதில் குடம்பி நெளிகின்றது என்பதை எழுத்தறியாதவரும் காண்பர். (ஆசிரியர் அருகிலிருந்து, காட்சி முடிந்ததும் கொதிநீர் ஊற்றிக் குடம்பிகளை அழித்தல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?) இத்தகைய செயற்றிட்டத்துக்குப் புள்ளியிட வேண்டியவர் மேடை நடுவரல்லர்; அதே மாடியில் மூன்றாம் வீட்டிலுள்ள பாட்டியார்.

பாட்டியாருக்கு விளங்கும் தமிழில் அதனைச் சொல்ல நம் மாணவருக்கு இயலுமா? இங்கேதான் இடர் உளது. க.பொ.த. உயர்தரம் வரை பௌதிகத்தையும் இரசாயனத்தையும் அவர்கள் தமிழிலே கற்கின்றனர். பல்கலைக்கழகம் புகுந்ததும் யாவும் ஆங்கிலமாகிவிடுகின்றது. 'ஒளித்தொகுப்பு' எனப் பரீட்சையில் எழுதத் தெரிந்த மாணவன், வாழையிலை என்ன செய்கின்றது எனத் தகப்பனார் கேட்கையில் நாத்தடுமாறுகின்றான். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. சட்டம் தந்த அந்நிலையைச் சமையலறை வரை கொண்டுவருவதற்கு இன்னொரு சட்டம் உதவாது.

முன்னொரு காலத்தில் மாணவரே இதனைச் செய்தனர். அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1864 ஆம் ஆண்டில் மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கலானார். பாடநூல் இல்லை. அவரும் அவர் மாணவரும் கூடியிருந்து நூல்களைத் தமிழாக்கினர். 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்' வெளிவந்தது. 1875 இல் 'கெமிஸ்தம்' வெளிவந்தது. கெமிஸ்தம் என்னும் பெயரைக் கேட்டு இன்று நகைப்போர் உளர். நகைக்கட்டும். அச்சொல்லைத் துணிந்து எழுதியவர்கள் அந்நூலைக் கொண்டு வைத்தியம் கற்று ஊருக்குட் சென்றார்கள். பிற்காலத்தில், 1970களில் பேராதனையிலிருந்து 'ஊற்று' வந்தது. 1980களில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவரின் 'நுட்பம்' வந்தது. வெள்ளவத்தையிலிருந்து அதே காலி வீதியிற் சில மைல் தெற்கே நடந்த முயற்சி அது!

தமிழ்நாட்டில் 1980 ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 'துளிர்' என்னும் சிறுவர் விஞ்ஞான இதழை நடத்துகின்றது. இந்தியாவில் 1993 முதல் நடைபெறும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் சிறு குழுக்களாகத் தம் ஊர்ச் சிக்கலொன்றை ஆராய்ந்து, தம் தாய்மொழியிலேயே எடுத்துரைக்கின்றனர். அங்கே எரிமலைக்கு இடமில்லை. ஊரில் எரிமலை இல்லாதபடியால்.

கொழும்பு மாணவரின் செயற்றிட்டம் தமக்கெதற்கு எனக் கமக்காரர் எண்ணுதல் கூடும். வெள்ளவத்தையில் வாழும் பிள்ளைகளிற் பலர் விடுமுறைக்கு ஊர் செல்பவரே. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் கீழ் ஊறும் நீரே குடிநீரும் தோட்ட நீரும் ஆகும். பயிர் உண்டது போக மிஞ்சிய பசளை அந்நீரிலேயே இறங்குகின்றது. ஒரு லீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு; வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அதனைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. கைக்குழந்தைக்கு இது பெருங்கேடு. தாய்மார் நீரைக் கொதிக்கவைத்து விட்டோமென ஆறுதலடைகின்றனர். கொதித்தலால் கிருமி சாகும். நைத்திரேற்றோ, நீர் ஆவியாக ஆவியாகச் செறிவடையும். இவ்வொரு செய்தியைச் சோதனைத்தாளும் கையுமாகக் கிணற்றடியில் நின்று விளக்கும் பேரப்பிள்ளை, நூறு துண்டுப்பிரசுரத்துக்கு மேலாவாள்.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலே தடை நீங்கியதையும் கமக்காரர் அறிவர். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உளது. கூட்டெருவிலோ ஒன்று இரண்டு பங்கே. அந்தக் கணக்கை ஒரு தராசும் இரு சாக்கும் வைத்து அன்றே மக்களுக்குக் காட்டியிருந்தால் வயலில் என்ன நேரும் என்பது முன்கூட்டியே விளங்கியிருக்கும்.

பரீட்சைக்கு நேரமில்லை, ரியூசனுக்கே பொழுது போதவில்லை எனப் பெற்றோர் கூறுவர். உண்மையே. ஆயினும் எரிமலைக்குச் செலவிடும் அதே நாட்களையே நாம் கேட்கின்றோம். மேலதிகமாக ஒரு நாளும் கேட்கவில்லை. பிறருக்கு விளங்கவைக்க முயலும்போதுதான் தனக்கு எது விளங்கவில்லை என்பது மாணவனுக்குத் தெரியவரும். இலண்டனில் புத்தகம் கட்டும் தொழில் பழகிய மைக்கல் பரடே, 1860 ஆம் ஆண்டு முடிவிலே சிறுவரைக் கூட்டி, ஒரு மெழுகுதிரியை வைத்துக்கொண்டே ஆறு விரிவுரைகள் நிகழ்த்தினார் என்பதைப் பெற்றோருக்கு நினைவூட்டுகின்றோம்.

1942 இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையிலேயே மண்டபத்துடன் விளங்குகின்றது. கொட்டாஞ்சேனையிலும் கோயில் மண்டபங்களுக்குக் குறைவில்லை. ஆண்டுக்கொரு ஞாயிற்றுக்கிழமை இவற்றைத் திறந்துவிட்டு, வழிப்போக்கரே புள்ளியிடும் கண்காட்சியொன்றை நடத்துமாறு அவற்றின் நிர்வாகிகளை வேண்டுகின்றோம். அதற்குமுன், தம் வீட்டாருக்கு விளங்கிய ஒரு செயற்றிட்டத்தை இருநூறு சொல்லில் எழுதியனுப்பும் மாணவருக்கு இப்பத்திரிகையில் இடம் தருவோம். எழுதியதை முதலில் வீட்டிலுள்ள முதியவருக்குப் படித்துக் காட்டி, அவர் விளங்கவில்லை என்ற இடங்களைத் திருத்தியபின் அனுப்புக.