வலை வயது கேட்பதில்லை

சந்தையில் கூவி விற்பவனை நாம் ஒருநாளும் குறை கூறியதில்லை. கத்தரிக்காய் விற்பவன் கூவத்தான் செய்வான். அந்தக் கூவல் எல்லோர் காதிலும் விழுந்தது. தகப்பன் கேட்டான், பிள்ளையும் கேட்டான். சரக்கு சொத்தை என்றால், "வாங்காதே, தம்பி" என்று பக்கத்தில் நின்றவன் சொல்ல முடிந்தது. சுவரிலே ஒட்டிய விளம்பரம் ஆபாசமாக இருந்தால், ஊர் கூடி அதைக் கிழித்தெறிய முடிந்தது.

இன்றைய விளம்பரம் சந்தையிலே கூவுவதில்லை. கைபேசிக்குள் புகுந்துகொண்டு காதோடு காதாகப் பேசுகிறது. ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து அயர்ந்து படுத்திருக்கிறார் தொழிலாளி. அதே அறையில், அதே பாயின் ஓரத்தில், அவருடைய பிள்ளை கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். அவன் உள்ளங்கையிலே நடக்கும் வாணிகம் அவருக்குத் தெரிவதில்லை. அண்டை வீட்டானுக்கும் தெரிவதில்லை. ஏன், அரசாங்கத்துக்கே தெரிவதில்லை! யாருக்கும் தெரியாமல் விற்பதுதான் இந்த வாணிகத்தின் உயிர்நிலை.

இதற்கு வணிக உலகத்தார் சூட்டியிருக்கும் பெயர், "சமூக ஊடகத்தின் வழியே இளம் வயதினரைச் சென்றடைதல்" என்பது. சென்றடைதல்! எவ்வளவு மென்மையான சொல்! தூண்டிலும்தான் மீனைச் சென்றடைகிறது. மீனுக்கல்லவா தெரியும், அந்தச் சென்றடைதலின் பொருள்!

எல்லா விளம்பரமும் தீது என்று நாம் வாதிட வரவில்லை. ஆனால் இந்த இனிய சொல்லுக்குள்ளே என்ன ஒளிந்திருக்க முடியும் என்பதை, அமெரிக்க நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி வெட்டவெளிச்சமாக்கிவிட்டது. அதைத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

2015ஆம் ஆண்டு ஜூன் திங்களில், சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கம்பெனி ஒன்று 'ஜூல்' என்ற மின் சிகரெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பார்வைக்கு அது கணினியில் செருகும் பென் டிரைவ் போலிருக்கும். நெருப்பில்லை, சாம்பலில்லை, சிகரெட்டு நாற்றமும் இல்லை. உள்ளே இருப்பதோ நிக்கோடின். புகையிலைக்கு மனிதனை அடிமையாக்கும் அதே பொருள். ஒரு சிறு குப்பியில் அடைத்த நிக்கோடின் ஏறத்தாழ ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு, அதாவது இருபது சிகரெட்டுக்குச் சமம் என்று கம்பெனியே சொல்லிற்று. மாம்பழச் சுவையிலும் புதினாச் சுவையிலும் அது கிடைத்தது.

யாருக்காக இந்தச் சரக்கு என்று கேட்டபோது, "சிகரெட்டை விட முடியாமல் தவிக்கும் பெரியவர்களுக்காக" என்றது கம்பெனி. நல்லது! அப்படியானால் அதன் விளம்பரத்திலே நரைத்த தலை அல்லவா இருந்திருக்க வேண்டும்? இருமி இருமிக் களைத்த மார்பல்லவா இருந்திருக்க வேண்டும்? அங்கே இருந்ததோ, கண்ணைப் பறிக்கும் வண்ணங்களுக்கு நடுவே துள்ளிக் குதிக்கும் இளம் முகங்கள்! நகரங்களிலே விருந்துகள் நடத்தினார்கள். வந்தவர்களுக்கு இலவசமாகப் புகைக்கக் கொடுத்தார்கள். படங்கள் இன்ஸ்டாகிராமிலும் ட்விட்டரிலும் முகநூலிலும் ஏறின. ஆயிரக்கணக்கானோர் பின்தொடரும் 'இன்ஃபுளுயன்சர்'களைப் பிடித்துப் பேசவைத்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்தக் கம்பெனியின் முதல் மூன்றாண்டு விளம்பரங்களைத் திரட்டி ஆராய்ந்து 2019 ஜனவரியில் வெளியிட்டார்கள். மாம்பழச் சுவை யாருக்கு, துள்ளல் யாருக்கு என்பதை அதைப் பார்த்த எவரும் புரிந்துகொள்ளலாம்.

விளைவு என்ன? அமெரிக்க அரசின் கணக்கெடுப்பே சொல்கிறது. கணக்கெடுத்த நாளுக்கு முந்திய 30 நாட்களுக்குள் ஏதேனும் ஒரு மின் சிகரெட்டைப் புகைத்த உயர்நிலைப் பள்ளி மாணவர், 2017இல் நூற்றுக்கு 11.7 பேர், 2018இல் 20.8 பேர், 2019இல் 27.5 பேர். நால்வரில் ஒருவருக்கு மேல்! பல கம்பெனிச் சரக்குகள் சந்தையில் இருந்தன என்பது உண்மை. ஆனால் அந்த ஆண்டுகளில் முன்வரிசையில் நின்றது ஜூல்.

2018 டிசம்பரில், அந்நாட்டு அரசின் தலைமை மருத்துவர் இதைக் 'கொள்ளைநோய்' என்றே அறிவித்தார். அதே வாரத்தில் என்ன நடந்தது தெரியுமா? மார்ல்பரோ சிகரெட்டுக்குச் சொந்தக்காரரான ஆல்ட்ரியா கம்பெனி, 1,280 கோடி டாலரைக் கொட்டிக் கொடுத்து, ஜூல் கம்பெனியில் 35 சதவிகிதப் பங்கை வாங்கிற்று! மருத்துவருக்குக் கொள்ளைநோயாகத் தெரிந்தது, முதலாளிக்குக் கொள்ளை இலாபமாகத் தெரிந்தது!

கண்டனம் வலுத்ததும், 2018 நவம்பரிலேயே கம்பெனி தன் முகநூல் கணக்கையும் இன்ஸ்டாகிராம் கணக்கையும் மூடியிருந்தது. தீ அணைந்ததா? இல்லை. ஜூல் பெயரைத் தாங்கிய 'ஹேஷ்டேக்' பதிவுகள் அதன் பிறகு முன்னிலும் வேகமாகப் பெருகின என்று அதே ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். கம்பெனி பேசவில்லை, பிள்ளைகள் பேசினார்கள். ஒருவன் படம் போட்டான், ஒன்பது பேர் பார்த்தார்கள், அவர்களும் போட்டார்கள். கூலியில்லாமல் வேலை வாங்கும் கலையை முதலாளி உலகம் எத்தனையோ முறை காட்டியிருக்கிறது. சரக்குக்கு இரையானவனையே சம்பளமில்லாத விற்பனையாளன் ஆக்கியது இந்தக் காலத்துப் புதுமை!

வழக்குகள் வந்தன. 2022 செப்டம்பரில், முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களுக்கு 43 கோடியே 85 இலட்சம் டாலர் கொடுக்கக் கம்பெனி உடன்பட்டது. 2023 ஏப்ரலில், நியூயார்க், கலிஃபோர்னியா முதலிய ஆறு மாநிலங்களுக்கும் வாஷிங்டன் தலைநகரத்துக்கும் 46 கோடியே 20 இலட்சம் டாலர் கொடுக்க உடன்பட்டது. பெரிய தொகைதானே என்று மலைக்க வேண்டாம். இவ்விரண்டையும் கூட்டினாலும், ஆல்ட்ரியா 35 சதவிகிதப் பங்குக்குக் கொடுத்த விலையில் நூற்றுக்கு ஏழுதான்! அந்தப் பங்கையும் ஆல்ட்ரியா 2023 மார்ச்சில் கைகழுவிற்று. முதல் கரைந்தால் முதலாளி கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வேறு கடை திறப்பான். பதினாறு வயதில் ஒட்டிக்கொண்ட நிக்கோடின் பழக்கத்தை எந்தப் புத்தகத்தில் எழுதி மூடுவது?

பணத்தைவிட, 2022 உடன்பாட்டின் நிபந்தனைகளைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் 35 வயதுக்குக் குறைந்தவர் தோன்றக் கூடாது. கார்ட்டூன் கூடாது. பணம் கொடுத்து இன்ஃபுளுயன்சரைப் பேசவைக்கக் கூடாது. இலவச மாதிரி கூடாது. பார்ப்பவரில் நூற்றுக்கு 85 பேர் வயது வந்தவராக இல்லாத இடத்தில் விளம்பரமே கூடாது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே கம்பெனி இவற்றுக்கு ஒப்புக்கொண்டது. ஆனால், கன்னக்கோலைப் பறித்துக்கொண்டாலே தெரிகிறதே, எந்தச் சுவரில் எப்படித் துளை போட்டார்கள் என்று!

இது ஒரு கம்பெனியின் கெட்ட புத்தியா? அன்று. 1984ஆம் ஆண்டில், ஆர். ஜே. ரெனால்ட்ஸ் சிகரெட்டுக் கம்பெனிக்குள் ஓர் அறிக்கை தயாராயிற்று. வழக்குகளின் காரணமாகப் பின்னாளில் அது வெளியே வந்தது. இறந்துபோகும், விட்டுவிடும் பழைய புகைப்பவருக்குப் பதிலாள் வேண்டும்; அந்தப் பதிலாட்கள் இளம் வயதினரிடமிருந்துதான் வர முடியும்; அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், பிள்ளை பிறக்காத ஊர் அழிவதுபோல் இந்தத் தொழிலும் அழியும்—இதுதான் அந்த அறிக்கையின் சாரம். ஆலையில் வேலைநிறுத்தம் என்றால் 'பதிலி' தேடுவார்களே, அது நமக்குத் தெரியும். சுடுகாட்டுக்குப் போனவனுக்கே பதிலி தேடிய கணக்கு இது!

ஆகவே, 'இளம் வயதினர்' என்ற சொல் சந்தையிலே வெறும் வயதுக் கணக்கு அன்று. இனி நாற்பது ஆண்டுகளுக்குப் பணம் கட்டப்போகும் வாடிக்கைக்காரன் என்பதே அதன் பொருள். பதினெட்டை நோக்கி வீசுகிறோம் என்று சொல்லி வீசிய வலையில் பதினான்கும் விழுகிறது. இருபதின் துள்ளலைப் பார்த்து ஆசைப்படுவது பதினான்கு அல்லவா? வலை வயது கேட்பதில்லை. கேட்டாலும், பிறந்த ஆண்டை மாற்றிப் போடப் பிள்ளைக்கு எத்தனை நொடி ஆகும்?

மறுப்புரை ஒன்று உண்டு. அதையும் மறைக்காமல் எடுத்துக்கொள்வோம். சிகரெட்டை விட நினைக்கும் பெரியவருக்கு இது உதவுமே என்பார்கள். உதவலாம். 2025 ஜூலையில், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஜூல் சரக்குகள் சிலவற்றுக்கு அனுமதியும் கொடுத்தது. புகையிலைச் சுவைக்கும் மென்தால் சுவைக்குந்தான் அந்த அனுமதி. மாம்பழம் அதில் இல்லை. பெரியவருக்கு மருந்தென்று சொல்லிக்கொள்வதற்கு மாம்பழம் தேவைப்படவில்லை என்பதை நாம் மட்டுமா சொல்கிறோம்?

சட்டம் போட்டால் பயனில்லை என்று உதட்டைப் பிதுக்குவோரும் உண்டு. வயது வரம்பு 21 ஆயிற்று. சுவைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. வழக்கும் கண்டனமும் தொடர்ந்தன. 2019இல் 27.5 ஆக இருந்த அந்த எண் 2024இல் 7.8 ஆக இறங்கிற்று. முயன்றால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் இடையிலே சிக்கிய பிள்ளைகளின் ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

நம் நாட்டுக்கு வருவோம். 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமும், டிசம்பரில் நிலையான சட்டமும் கொண்டுவந்து மின் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் இந்தியா தடை செய்தது. முதற் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வரவேற்கிறோம். ஆனால் தடை சரக்குக்குத்தான், வலைக்கு அன்று. நாளை வேறு சரக்கு வரும். வலை அதே வலைதான்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரைக் கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. நடைமுறைப்படுத்த நிறுவனங்களுக்குத் தவணையும் தரப்பட்டது. சரி, பதினெட்டு நிறைந்த மறுநாள்? முந்திய இரவு வரை குழந்தை. பொழுது விடிந்தால் சந்தைக்குப் புது இரை! முதற் சம்பளம் வாங்கும் பயிற்சித் தொழிலாளி, கல்லூரிக்கு முதன்முதலாகக் காலடி வைக்கும் நம் வீட்டுப் பெண்—இவர்களுக்குக் காவல் எது?

ஆகவே நாம் கேட்கிறோம். யார் பணம் கொடுத்தார், எந்த வயதினருக்கு, எந்த விளம்பரம் காட்டப்பட்டது என்பதை எவரும் பார்க்கும்படி பொது ஏட்டில் வைக்க வேண்டும். இயலாத காரியம் அன்று இது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பிப்ரவரி முதல் முழுமையாகச் செயல்படும் சட்டம், மிகப் பெரிய தளங்களை அப்படித்தான் பணித்திருக்கிறது. காதோடு காதாகப் பேசியதை நடுத்தெருவில் பேசு என்கிறோம். அவ்வளவுதான். நடுத்தெருவில் பேசினால் நாலு பேர் பதில் சொல்வார்கள்.

தோழர்களுக்கும் ஒரு சொல். பிள்ளையின் கைபேசியைப் பிடுங்கி எறிவது வழியன்று. படிப்பும் வேலையும் நட்பும் அதற்குள்தான் இருக்கின்றன. பக்கத்தில் உட்காருங்கள். "உனக்கு என்னப்பா காட்டுகிறான்? காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள். படத்தில் சிரிப்பவன் எவ்வளவு வாங்கிக்கொண்டு சிரிக்கிறான் என்று இருவருமாக எண்ணிப் பாருங்கள். தொழிற்சங்கக் கூட்டத்திலே, படிப்பகத்திலே, மாதம் ஒரு மாலை இதற்கென ஒதுக்குங்கள். நம் இளைஞர்களும் அதே தளங்களில் எழுதட்டும், பேசட்டும். பொய் உலவும் தெருவிலேதான் மெய்யும் நடக்க வேண்டும்.

வலை விரித்தவனிடம் பணம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, கணினி இருக்கிறது. நம்மிடம் இருப்பது, பிள்ளைக்கு அருகிலே படுத்திருக்கும் அந்த உரிமை. விழித்துக்கொண்டு அதைப் பயன்படுத்துவோம்!