இளைத்து வந்தால்தான் ஆபரேஷனா?

"என்ன செய்தும் உடம்பு இளைக்கவில்லை, டாக்டர். ஆபரேஷன் செய்துவிடுங்கள்" என்கிறார் ஒருவர்.

"ஆகட்டும். முதலில் போய்க் கொஞ்சம் இளைத்துக்கொண்டு வாருங்கள்!" என்று பதில் வருகிறது.

இது என்ன கூத்து? இளைக்க முடிந்தால் அவர் ஏன் கத்திக்கு வருகிறார்?

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இது சிரிப்புக் கதை அல்ல. உடல் பருமனுக்கு ஆபரேஷன் செய்துகொள்ள வருகிறவர்கள் உலகம் முழுவதும் கேட்கும் பேச்சு இது. நம் ஊரிலும் கேட்கிறார்கள்.

இதைச் சொல்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவர், கத்தியைப் பிடிக்கும் டாக்டர். மற்றவர், பணத்தைப் பிடிக்கும் இன்சூரன்ஸ்காரர். இரண்டு பேர் சொல்வதும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. டாக்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இன்சூரன்ஸ்காரர் சொல்வதில் இல்லை என்பது என் கருத்து.

அது என்ன ஆபரேஷன்?

வயிற்றில் உள்ள கொழுப்பை அறுத்து எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு. இங்கே கத்தி படுவது இரைப்பையில். சாப்பாடு போய் விழும் பை இருக்கிறதே, அதில்!

1966-ல் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்டு மேசன் என்ற டாக்டர் ஒரு முறையைக் கண்டார். இரைப்பையைச் சிறிதாக்கி, சாப்பாடு குறுக்கு வழியில் குடலுக்குப் போகும்படி செய்தார். இப்போது அதிகம் நடப்பது இன்னொரு முறை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போன்ற குழாயாகத் தைத்துவிடுகிறார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை. சிறு துளைகள் போட்டு, குழாய் வழியே கருவியை விட்டுச் செய்கிறார்கள்.

அழகுக்காகச் செய்துகொள்ளும் காரியம் அல்ல இது. நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, தூக்கத்தில் மூச்சு முட்டல் என்று அல்லல்படுகிறவர்களுக்காக உள்ளது. சுவீடன் நாட்டில் 1987-ல் தொடங்கி, 4,047 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். அதில் சுமார் பாதிப்பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மற்றவர்கள் செய்துகொள்ளாதவர்கள். 2007-ல் முடிவு வெளிவந்தது. செய்துகொண்டவர்களிடையே சாவு ஏறக்குறைய கால் பங்கு குறைவு!

டாக்டர் ஏன் இளைக்கச் சொல்கிறார்?

காரணம் கல்லீரல்.

கல்லீரலின் இடப்பக்கம் இரைப்பைக்கு மேல் கூரைபோலக் கவிந்து கிடக்கிறது. இரைப்பையைத் தொட வேண்டுமானால், டாக்டர் அந்தக் கூரையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பருத்த உடம்பில் கல்லீரலிலும் கொழுப்பு ஏறியிருக்கும். அது பெரிதாகிவிடும். கனத்துவிடும். தூக்கும்போது கிழிந்து ரத்தம் கொட்டலாம். சில சமயம் துளை வழியே செய்ய முடியாமல் வயிற்றைத் திறக்க வேண்டி வரும்.

இந்தக் கல்லீரலைச் சுருக்க ஒரு வழி இருக்கிறது. கல்லீரல், சர்க்கரையைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம். அந்தச் சர்க்கரையோடு அதைப்போல் சுமார் மூன்று மடங்கு தண்ணீரும் சேர்ந்து இருக்கும். சோறும் இனிப்பும் உள்ளே போகாவிட்டால் உடம்பு அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கும். தண்ணீரும் கூடவே போய்விடும். பிறகு கொழுப்பும் கரையும்.

ஆஸ்திரேலியாவில் 32 பேருக்கு 12 வாரம் இப்படி உணவைக் குறைத்து, கல்லீரலைப் படம் பிடித்து அளந்தார்கள். 2006-ல் அதை வெளியிட்டார்கள். கல்லீரல் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதிலும் ஒரு வியப்பு. அந்தச் சுருக்கத்தில் 100-க்கு 80 பங்கு முதல் இரண்டு வாரத்திலேயே நடந்துவிட்டது!

2011-ல் வெளியான இன்னொரு சோதனையில் 298 பேர். சிலரை ஆபரேஷனுக்கு முன் 14 நாள் பத்தியத்தில் வைத்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் சாப்பிட்டார்கள். ஆபரேஷன் முடிந்த 30 நாளில் வந்த சிக்கல்களை எண்ணினார்கள். பத்தியம் இருந்தவர்களிடம் 8. இல்லாதவர்களிடம் 18.

இரண்டு வாரப் பத்தியம் உயிரைக் காக்கும் பத்தியம். இதில் எனக்கு மறுப்பு இல்லை.

பத்தியம் என்றால் லேசானது என்று எண்ணிவிடக் கூடாது. நாள் ஒன்றுக்குச் சுமார் 800 கலோரிதான். இட்லி இல்லை. தோசை இல்லை. சோறு, சப்பாத்தி, சர்க்கரை, பழச்சாறு எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் சொல்லும் புரத மாவு, நீர் மோர், முட்டையின் வெள்ளைக்கரு, காய், கீரை, தெளிந்த சூப். அவ்வளவுதான்! பிள்ளைகளுக்கு நெய்தோசை சுட்டுப் போட்டுவிட்டு, அடுப்படியில் நின்று மோர் குடிக்கும் தாயை நினைத்துப் பாருங்கள். அந்த இரண்டு வாரமாவது தோசைக் கரண்டியைக் கணவர் வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் தாமாக இந்தப் பத்தியத்தில் இறங்கக் கூடாது. சாப்பாடு குறையும்போது மாத்திரையும் இன்சுலினும் பழைய அளவிலேயே இருந்தால், ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். மருந்தின் அளவை டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

ஆறு மாதப் பரீட்சை

இனி இன்சூரன்ஸ்காரர் கதைக்கு வருவோம்.

அமெரிக்காவில் 1991-ல் அரசாங்க சுகாதார நிலையம் கூட்டிய நிபுணர் குழு, யாருக்கு இந்த ஆபரேஷன் செய்யலாம் என்று ஓர் அளவு வகுத்தது. பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிகள் தங்கள் பங்குக்கு ஒரு நிபந்தனையைச் சேர்த்தன. "மூன்று மாதம், ஆறு மாதம் டாக்டர் மேற்பார்வையில் உணவைக் குறைத்து இளைக்க முயன்று காட்ட வேண்டும். அதன் பிறகுதான் பணம்!"

எல்லாக் கம்பெனியும் ஒன்றல்ல. ஆனாலும் பலர் பட்ட பாடு இதுதான்: மாதா மாதம் போய் எடை போட வேண்டும். எழுதி வாங்க வேண்டும். எடை கூடினால், "உமக்கு அக்கறை இல்லை" என்ற பெயர். நன்றாகக் குறைந்தாலோ, "ஆபரேஷன் எதற்கு?" என்ற கேள்வி. ஏறினாலும் குற்றம்! இறங்கினாலும் குற்றம்!

இந்த ஆறு மாதத்தில் நோய் சும்மா இருக்குமா? நீரிழிவு முற்றுகிறது. மூச்சுத் திணறல் கூடுகிறது. அலுத்துப்போய்ச் சிலர் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

2016-ல் அமெரிக்காவின் உடல்பருமன் ஆபரேஷன் டாக்டர்கள் சங்கம் இதை வெளிப்படையாகக் கண்டித்தது. இந்தக் கட்டாயத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லை, பாரபட்சமானது, கைவிட வேண்டும் என்று அறிக்கை விட்டது.

"ஆபரேஷனுக்குப் பிறகு கட்டுப்பாடாக இருப்பாரா என்று முன்பே பார்க்க வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கைப்பிடி உணவுதான். சத்து மாத்திரைகளை ஆயுள் முழுவதும் விழுங்க வேண்டும். பி12 என்ற சத்து, இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ரத்த சோகையும் நரம்புக் கோளாறும் எலும்புத் தேய்மானமும் வரும். அதைக் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும். புகை பிடிக்கிறவரை நிறுத்தச் சொல்லத்தான் வேண்டும். சொன்ன நாளில் வருகிறாரா என்று பார்ப்பதிலும் தப்பில்லை.

ஆனால் எத்தனை கிலோ குறைந்தது என்பதை வைத்து ஒருவருடைய ஒழுங்கை அளக்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

பசி யார் கையில்?

ஆஸ்திரேலியாவில் பருமனான 50 பேரை 10 வாரம் கடும் பத்தியத்தில் வைத்தார்கள். சராசரி 13 கிலோவுக்கு மேல் குறைந்தார்கள். பசியைத் தூண்டும் சுரப்பு அவர்கள் ரத்தத்தில் கூடியது. போதும் என்று சொல்லும் சுரப்புகள் குறைந்தன. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால், எடை மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அப்போதும் அந்தப் பசிச் சுரப்பு அடங்கவில்லை! 2011-ல் வந்த செய்தி இது.

உடம்பு, இளைப்பதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. "சாப்பிடு, சாப்பிடு" என்று உள்ளிருந்து விரட்டுகிறது. அந்த விரட்டலோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவரைப் பார்த்து, "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்பது சுலபம். பசியைத் தூண்டும் அந்தச் சுரப்பை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1999-ல் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் ஊறுவது இரைப்பையின் மேல் பாகத்தில். ஆபரேஷனில் வெட்டி எடுப்பதும் அந்தப் பாகத்தைத்தான்!

வாயைக் கட்ட முடியாதது நோயின் அடையாளம். அதையே காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பது, இருமுகிறவரிடம் "இருமலை நிறுத்து, பிறகு மருந்து தருகிறேன்" என்பது போல் இருக்கிறது.

நம் நாட்டுக் கணக்கு

நமக்கும் இதில் பங்கு உண்டு. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 40 பேர் எடை மிகுந்தவர்கள். ஆண்களில் 37 பேர். எல்லோருக்கும் ஆபரேஷன் தேவை இல்லை. மிகச் சிலருக்குத்தான் தேவை. அந்தச் சிலருக்கு எந்த விதி?

இந்திய இன்சூரன்ஸ் ஆணையம் 2019-ல் ஒரு வாசகம் வகுத்தது. பாலிசிப் பத்திரத்தில் "உடல் பருமன்" என்ற தலைப்பில் பார்க்கலாம். 18 வயது ஆகியிருக்க வேண்டும். டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். உடல் எடைக் குறியீடு 40 இருக்க வேண்டும். அல்லது 35 இருந்து, இதய நோய், தூக்கத்தில் கடும் மூச்சுத் தடை, அடங்காத நீரிழிவு இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். 35 என்ற கணக்கில் வருகிறவர், மற்ற வழிகளில் இளைக்க முயன்று தோற்றிருக்கவும் வேண்டும்.

குறியீடு என்பது ஒரு எளிய கணக்கு. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு, 40 என்றால் 102.4 கிலோ. 35 என்றால் 89.6 கிலோ.

இந்த எண்கள் வெள்ளைக்காரர் உடம்புக்கு வகுத்தவை. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004-லேயே இதைச் சொன்னார்கள். 2022-ல் அமெரிக்க சங்கமும் உலக சங்கமும் கூடி, ஆசியர்களுக்கு 27.5 குறியீட்டிலிருந்தே ஆபரேஷனுக்கு வழி விடலாம் என்று கூறின. அதே பெண்ணுக்கு அது 70.4 கிலோ. எங்கே 70? எங்கே 102?

இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். அந்தப் பெண் 91 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அடங்காத நீரிழிவு. குறியீடு 35-க்கு மேல். விதிப்படி தகுதி உண்டு. டாக்டர் சொன்ன இரண்டு வாரப் பத்தியத்தை ஒழுங்காக இருக்கிறார். 87 கிலோவுக்கு வருகிறார். குறியீடு 34! சர்க்கரையும் கொஞ்சம் அடங்கியிருக்கும். கல்லீரல் சுருங்கியது. கூடவே தகுதியும் சுருங்கியது! எந்த நாள் எடையைக் கணக்கில் எடுப்பது என்று அந்த வாசகத்தில் இல்லை.

ஆணையம் இதைத் திருத்த வேண்டும். "முதன்முதலில் டாக்டரிடம் வந்த நாளின் எடை" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். எண்களையும் நம் மக்கள் உடம்புக்கு ஏற்றபடி இறக்க வேண்டும்.

அதுவரை, ஆபரேஷனுக்குப் போகிற குடும்பம் ஒன்று செய்யலாம். பத்தியம் தொடங்குவதற்கு முன்பே உயரம், எடை, சர்க்கரை அளவு மூன்றையும் டாக்டரிடம் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன்பு இளைக்க முயன்ற காலத்து மருந்துச் சீட்டு, உணவு நிபுணர் எழுதிக்கொடுத்த பட்டியல், ரசீது எதையும் தூக்கி எறியாதீர்கள். நகலை இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கொடுத்து, ஆபரேஷனுக்குப் பணம் உண்டா, எந்த நாள் எடை செல்லும் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். அந்தப் பதில் கைக்கு வந்த பிறகு மோருக்கு உறை ஊற்றலாம்.