அளக்கப்படாத நஞ்சு

2023 ஏப்ரல் 30 அன்று பஞ்சாபின் லூதியானா நகரில், கியாஸ்புரா பகுதியில், நச்சு வாயு பரவி 11 பேர் மாண்டனர். அவர்களில் மூவர் குழந்தைகள். உத்தரப்பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழும் பகுதி அது. மாண்டவர்கள் எந்தக் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கியவர்கள் அல்லர். வீட்டிலும் தெருவிலும் இருந்தவர்கள். உயிர்கள் போன பிறகு வந்த மீட்புப் படையின் கருவிதான், காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்திருந்ததைக் காட்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

தேங்கிய சாக்கடையிலேயே இவ்வாயு உருவாகிறது. ஆலைகளின் அமிலக் கழிவு அதில் கலந்தால், கரைந்துள்ள சல்பைடு திடீரென வாயுவாகி மேலெழும். காற்றைவிடக் கனமானதால் தாழ்வான இடங்களில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் எச்சரித்துவிடும் என்று நம்பியிருப்பதும் ஆபத்தே. பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டினால் முகரும் உணர்வே மரத்துப்போகும்; நாற்றம் நின்றுவிட்டதாக மக்கள் எண்ணும் வேளையில் நஞ்சு கூடிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே கருவி வேண்டும். ஆனால் 2009ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர நெறிகள் பட்டியலிடும் 12 மாசுகளில் ஹைட்ரஜன் சல்பைடு இல்லை. நாள்தோறும் வெளியிடப்படும் காற்றுத் தரக் குறியீட்டிலும் அதற்கு இடமில்லை. 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியுள்ளது. 2019இல் ஒன்றிய அரசு தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் இலக்கோ நுண்துகள்களைக் குறைப்பதுதான். அதுவும் தேவையே. தில்லியின் புகைமூட்டம் அமைச்சர்களின் மூச்சையும் அடைக்கிறது. கழிவுநீர்க் கால்வாயோரக் குடியிருப்பின் காற்று அவர்கள் வீடுவரை செல்வதில்லை.

கடலூர் சிப்காட் பகுதி மக்கள் 2004இல் வாளியும் பையும் கொண்டு காற்றைப் பிடித்து ஆய்வகத்திற்கு அனுப்பினர். அரசு செய்யாததை உழைக்கும் மக்களால் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. மலிவான உணர்கருவிகள் பிழையாகக் காட்டக்கூடும் என்ற வாதம் முற்றிலும் பொய்யல்ல. அப்படியானால் சரியான கருவியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே வைத்து, அளவைத் தெருவிலேயே பலகையில் காட்டட்டும்.

தேசிய நெறிகளில் ஹைட்ரஜன் சல்பைடு சேர்க்கப்பட வேண்டும். தொழிற்பேட்டைகளின் கழிவுநீர்த் தடங்களில் தொடர் கண்காணிப்பு வேண்டும். புகார் வந்தால் குறித்த நேரத்திற்குள் காற்று மாதிரி எடுப்பது அதிகாரிகளின் சட்டக் கடமையாக்கப்பட வேண்டும். தொழிற்பகுதிக் கிளைகளின் தோழர்கள் இதற்காகக் காத்திராமல், நாற்றம் எழும் நாள், நேரம், இடம், காற்றின் திசை, கண்ணெரிச்சல், தலைவலி ஆகியவற்றை மக்களோடு சேர்ந்து பதிவேட்டில் குறித்து, மாதந்தோறும் வாரியத்திடமும் மாவட்ட ஆட்சியரிடமும் அளித்து ஒப்புகை பெற வேண்டும்.